இரண்டாவது ஆளின் சீட்டு

ரோலண்ட் டெபட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே தீர வேண்டும் என்றால், அவன் வேலை நறுவிசாக இருக்கும் என்று சொல்லலாம். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். எலி கடித்தது, ஈரம் ஏறியது, பூனை மூத்திரம் பெய்தது என்று எவரும் தொடக் கூசுகிற எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து போட்டாலும் ஒரே மாதத்தில் பாட வைத்துவிடுவான். எங்கள் ராம்சே ஊரைச் சுற்றி இருபது மைலுக்குள் எந்தக் கொட்டகையில் அப்படி ஒன்று தூசி தின்றுகொண்டு கிடந்தாலும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அது மற்ற ஸ்பீக்கர் மாதிரி இல்லை. பெட்டியும் கிடையாது, காகிதக் கூம்பும் கிடையாது. பார்ப்பதற்கு அறையைச் சூடாக்கும் ஹீட்டரை அகலமாக இழுத்துவிட்டது போல, முன்னால் வெண்கல நிறத்தில் சல்லடைத் தகடு. உள்ளே ஓட்டை போட்ட இரண்டு பலகை, நடுவே வெங்காயச் சருகைவிட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள், அந்தத் தாளில் ஆறாயிரம் வோல்ட். தாள் அதிர்ந்தால் பாட்டு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கம்பெனியில் செய்தது, இன்றைக்கும் அதற்கு ஈடாக இன்னொன்று வரவில்லை என்று ஜெர்மனியிலிருந்தெல்லாம் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ஸ்பீக்கரை மறுபடி செருகினால் உடனே பாடாது. தாளில் மின்சாரம் ஊறி ஊறி ஏற வேண்டும். ஈரமான வீட்டில் ஏறுவதற்கு ஒரு நாள் ஆகும், இறங்குவதற்கு அரை மணி போதும். ஏறும்வரை கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலத்தான் கேட்கும். ரோலண்டின் பிழைப்பே அந்த ஒரு நாளில்தான் ஓடியது. செத்தவர் வீட்டுக்குப் போவான், பிளக்கைச் செருகுவான், பத்து நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்பான், நாக்கைச் சப்புக்கொட்டுவான். "போயிடுச்சும்மா. குப்பைல போடறதுக்குப் பதிலா நான் எடுத்துட்டுப் போறேன்" என்பான். விதவைகள் நன்றி சொல்லி அனுப்புவார்கள்.

அவன் மனைவி டோரீனும் கூடப் போவாள். பெண்பிள்ளை ஒருத்தி கூட வந்தால் வீட்டுக்காரர்கள் பயப்படமாட்டார்கள் என்பது ரோலண்டின் கணக்கு. அவள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்து, பிஸ்கட்டைத் தின்று, "எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்று சொல்லிவிட்டு வருவாள். முப்பது வருஷம் சர்ச்சில் பாடியவள். கிராமபோன் தட்டு ஒரு மயிரளவு வேகம் தப்பினாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்லமாட்டாள். ஒரே ஒரு தடவை, விருந்தாளிகள் முன்னால், "இடதுபக்கத்து ஸ்பீக்கர்ல டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதே" என்று சொல்லித் தொலைத்தாள். வந்தது உண்மைதான். ரோலண்ட் மறுநாளே அதைச் சரி செய்தான். அதோடு பதினோரு நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவளைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்துக்கொள்வான். அந்தப் பதினோரு நாளை டோரீன் மறக்கவே இல்லை.

போன அக்டோபரில் நெவில் ஹாட்லி என்பவன் போன் செய்தான். லாரி டெப்போவில் மேஸ்திரி. அவன் அப்பா செட்ரிக்குக்கு எண்பத்து மூன்று வயது, ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்து ஓரமாகத் தனியே இருக்கிறார். இரண்டு காதிலும் மெஷின். மனைவி செத்த பிறகு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து திரும்பினவர், கொட்டகையில் மழை ஒழுகி நாசமாகியிருந்த தன் பழைய ஸ்பீக்கர்களை வீட்டுக்குள் இழுத்து வந்து, பிரித்து, தாளை மாற்றி, பழுது பார்த்திருக்கிறார். பாடுகிறது என்கிறார். நெவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கேட்டால் ஒன்றும் பாடவில்லை.

"டாக்டரக் கேட்டேன். காது மங்கினவங்களுக்கு மூளையே பாட்டுப் போடுமாம். இல்லாத பாட்டக் கேக்கறவர எப்படிங்க தனியா விடறது? நல்ல முதியோர் இல்லமாப் பாத்து வச்சிருக்கேன். கையெழுத்துப் போடமாட்டேங்கறார். ஸ்பீக்கர்காரன் எவனாவது வந்து செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் ஒத்துக்குவேங்கறார்."

"பின்பக்கம் ஒரு நம்பர் அடிச்சிருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றான் ரோலண்ட். முதியோர் இல்லமா அவனுக்கு முக்கியம்? நெவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கம்பெனி செய்த முதல் நூறுக்குள், அடுத்தடுத்த நம்பர், பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி. ரோலண்டுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் போனார்கள். நெவில்தான் கதவைத் திறந்தான். நல்லவன்தான், பாவம். வந்ததும் முதல் வேலையாக ஸ்பீக்கர் பிளக்குகளைப் பிடுங்கிப் போட்டிருந்தான்.

"தீப் பிடிச்சுக்கும்ங்கற பயம் இவனுக்கு" என்றார் செட்ரிக். "வாரா வாரம் பிடுங்கறான். அப்புறம் அரை மணி கழிச்சுச் சொருகி, எங்க பாட்டுங்கறான். எப்படிடா பாடும்?"

"ஆறாயிரம் வோல்ட்டுப்பா."

"நெஞ்சுக்குள்ள மாத்திரைப் பெட்டி மாதிரி ஒரு பேஸ்மேக்கர், காதுல ரெண்டு மெஷின். நான் அதுக்கா பயப்படப்போறேன்?"

ரோலண்ட் ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டுப் பின்மூடியைக் கழற்றினான். டோரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. புதுத் தாள், அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மின்சாரம் பரவுவதற்காகக் கிராஃபைட் தூளைப் பஞ்சால் தேய்த்து ஏற்றியிருந்த விதத்தில் ஒரு திட்டு, ஒரு கீறல் கிடையாது. தான் இருபது வருஷமாகச் செய்வது இதற்குக் கால் தூசி பெறாது என்று ரோலண்டுக்குத் தெரிந்துவிட்டது.

"இதை எத வச்சு இழுத்துக் கட்டினீங்க?"

"சைக்கிள் டியூப். சட்டத்தச் சுத்தி வச்சுக் காத்தடிச்சேன். நாலு பக்கமும் ஒரே சீரா இழுக்கும். அப்புறம் என் பொண்டாட்டி தலை காயவைக்கிற மெஷின் இருந்துச்சு, அதால சூடு காட்டினேன். நான் இதச் செஞ்ச கம்பெனில பேனல், அதான் இந்தத் தாளும் பலகையும், கட்டற செக்ஷன்ல இருபத்தாறு வருஷம் இருந்தேன், தம்பி. இந்த ரெண்டும் நான் கட்டினதுதான்."

ரோலண்ட் பிளக்கைச் செருகித் தட்டைச் சுழலவிட்டான். கிணற்று முனகல் வந்தது. தலையைச் சாய்த்தான், சப்புக்கொட்டினான். "போயிடுச்சு, ஐயா. பழைய டிரான்ஸ்பார்மர் தாங்கல. புதுத் தாள் போட்டு என்ன பிரயோஜனம்?"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தொழில்தான பண்றீங்க? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஏறணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

டோரீனுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. ரோலண்டை இப்படி ஒருத்தர் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"ஏறினாலும் பாடாது" என்றான் ரோலண்ட்.

"அதக் கேட்டுட்டுச் சொல்லுங்க. எங்க செக்ஷன்ல ஒரு முறை உண்டு. மீட்டர் காட்டிச்சுன்னு முத்திரை விழாது. ரெண்டு பேர் கேக்கணும். ஒருத்தர் நாற்காலில உக்காந்து கேட்டுட்டு, சீட்டுல எழுதி மடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவார். அப்புறம் அடுத்த ஆள். கட்டினவன் சுவரைப் பாத்து நிக்கணும், அவங்க மூஞ்சியப் பாக்கக்கூடாது. ரெண்டு சீட்டும் பாடுதுன்னா பாடுது. ரெண்டு சீட்டும் இல்லன்னா, மறுபேச்சுப் பேசாம பேனலத் தூக்கிட்டுப் போயிடணும். நான் ஒரு நாளும் மறுபேச்சுப் பேசினதில்ல." டோரீன் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாவுக்குக் காது நல்லா இருக்குமா?"

"பாடுவேன்" என்றாள் டோரீன். "சர்ச்சுல."

"போதும். நீங்க ரெண்டு பேரும் கேளுங்க."

நெவில் அப்பாவின் தோளில் கை வைத்தான். "சரிப்பா. நாளைக்கு எனக்கு வேலை, வரமுடியாது. இன்னிக்கு நான் பிடுங்கல, இருக்கட்டும். இவங்க ரெண்டு பேரும் பாடுதுன்னு எழுதினா அந்த முதியோர் இல்லத்து ஃபாரத்த நானே கிழிச்சுடறேன், இனிமே பேச்சே எடுக்கமாட்டேன். இல்லன்னு எழுதினா ஸ்பீக்கர இவரே எடுத்துட்டுப் போகட்டும், நீ கையெழுத்துப் போடணும்."

"போடறேன்."

திரும்பும்போது மூன்று மைல் தாண்டியதும் ரோலண்ட் வேனின் வேகத்தைக் குறைத்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். "பொரியற சத்தம் மட்டும்னு எழுது. அதே வார்த்தை. நானும் அதையே எழுதறேன்."

"பாடினா?"

"பாடும். இப்பவே தெரியுது, அருமையாப் பாடும். அதனாலதான் சொல்றேன்."

"ரோலண்ட், அது ஸ்பீக்கரு மட்டும் இல்ல. அவர் வீடு."

"எண்பத்து மூணு வயசு. இன்னிக்கு இல்லன்னா கிறிஸ்மஸுக்குப் போவார். அங்க வேளாவேளைக்குச் சோறு, கவனிக்க ஆள். நீ என்னவோ அவரக் கொலை பண்ணப்போற மாதிரிப் பேசற." வண்டியைத் திருப்பத்தில் ஒடித்தான். "உன் காது நல்ல காதுன்னு இத்தன வருஷத்துல நான் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன். அந்தக் காதுக்கு இந்த ஒரு வேலைதான் குடுத்திருக்கேன்."

வெட்கங்கெட்டவள், அது அவளுக்கு இனித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனே உருளைக்கிழங்கு உரித்தான். ஜோடி நம்பரைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினான். இல்லை என்று சொன்னால் இந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு நின்றுபோகும் என்று அவள் கணக்குப் போட்டாள். பதினோரு நாளோடு நிற்காது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனபோது செட்ரிக் சட்டைக்கு டை கட்டியிருந்தார். முகம் சவரம் செய்து பளபளவென்று இருந்தது. ஹால் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பாட்டு ஓடுவது நடைக்கே கேட்டது. "காலைல பதினோரு மணிக்கே ஏறிடுச்சு" என்றார். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது. நீங்களே கேளுங்க."

மேஜைமேல் இரண்டு சீட்டும் ஒரு பென்சிலும் வைத்திருந்தார். பென்சிலைப் புதிதாகச் சீவியிருந்தார்.

ரோலண்ட் முதலில் போனான். டோரீன் நடையில் நின்றாள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தான். அவளைத் தாண்டும்போது அவள் கோட்டுக் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

உள்ளே நாற்காலி ஒன்று, சரியாக இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில். செட்ரிக் சுவரைப் பார்த்து நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. டோரீன் உட்கார்ந்தாள். தட்டில் ஒரு பெண் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள், துணைக்கு ஒரு பியானோ. டோரீன் ஆயுசில் எத்தனையோ ஸ்பீக்கர் கேட்டவள். இது வேறு. அங்கே ஸ்பீக்கரே இல்லை. அந்தப் பெண் சன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்று பாடினாள். அடுத்த அடியை எடுப்பதற்கு முன்னால் மூச்சை இழுப்பது கேட்டது. எச்சிலை விழுங்குவதுகூடக் கேட்டது. டோரீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தக் கைகள்தான் இதைக் கட்டியவை என்று அந்தக் கிழவரின் புறங்கைகளைப் பார்த்தாள். ஒரு கைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அவளைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ரோலண்ட் இல்லை. மூன்று எழுத்து, 'பாடுது', அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. பென்சிலை எடுத்தாள். 'பொரியும் சத்தம் மட்டும்' என்று எழுதினாள். அந்தப் பெண் பாடிக்கொண்டே இருக்க, அதை இரண்டாக மடித்து ரோலண்டின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆச்சா, அம்மா?"

"ஆச்சு."

அவர் திரும்பி வந்து முதல் சீட்டைப் பிரித்தார். முகம் மாறவில்லை. இரண்டாவதைப் பிரித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வார்த்தைகள்தானா என்று விரல் வைத்துப் படித்தார். பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தலையை உயர்த்திச் சன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்பவும் பொரியற சத்தந்தானா?"

ஆமாம் என்று டோரீன் தலையை ஆட்டினாள்.

"எனக்கு அவ மூச்சு விடறது கேக்குதும்மா" என்றார். பிறகு, "சரி" என்றார். மறுபேச்சுப் பேசவில்லை. தட்டின்மேலிருந்து ஊசியைத் தூக்கினார். இரண்டு பிளக்கையும் தானே பிடுங்கினார். ரோலண்ட் உள்ளே வந்ததும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். "பின்மூடியத் திறக்கறதுன்னா அரை மணி பொறுங்க. உள்ள மிச்சம் இருக்கும், அடிச்சுடும். வண்டில நிக்க வச்சு எடுத்துட்டுப் போங்க, படுக்க வச்சாத் தாள் தொய்ஞ்சுடும். காசெல்லாம் வேண்டாம். பாடாத பேனலுக்கு எவன் காசு வாங்குவான்?"

பிறகு நடையிலிருந்த போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "நெவில், நீ சொன்னதுதான் சரி. ரெண்டு சீட்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. என் காதுதான்... இல்ல, காது இல்ல, தலை. நாளைக்கு அந்த ஃபாரத்தக் கொண்டா." கொஞ்ச நேரம் கேட்டார். "அழாதடா. நீ எதுக்கு அழற."

ரோலண்ட் முதல் ஸ்பீக்கரை, தொட்டில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனான். அவன் திரும்பி வந்து இரண்டாவதையும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது டோரீனுக்கு இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று ஆகிவிட்டது. பெரியவரின் கையைப் பிடித்தாள்.

"ஐயா, பாடுச்சு. நான் கேட்டேன். மூச்சு விடறது எனக்கும் கேட்டுது. அவர் சொல்லித்தான் அப்படி எழுதினேன். பொய் எழுதினேன்."

செட்ரிக் அவளையே பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப இளகின மனசும்மா உனக்கு" என்றார். "என் பொண்டாட்டியும் இப்படித்தான். நான் கட்டின பேனல் தேறலன்னு தொங்கின மூஞ்சியோட வந்தா, 'அவனுங்க காதுல பஞ்சு வச்சிருக்கானுங்க, நான் கேட்டேன், நல்லாத்தான் பாடுச்சு'ம்பா. அவ பேக்டரி வாசலக்கூட மிதிச்சதில்ல." லேசாகச் சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்லாதம்மா. பாவம், நீ எதுக்கு."

"பொய் இல்லங்க. சத்தியமா. ரோலண்ட், இங்க வா. நீயே சொல்லு அவர்கிட்ட."

ரோலண்ட் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பெரியவரைப் பார்த்து வருத்தமாகப் புன்னகைத்தான். "இவ எல்லா வீட்லயும் இப்படித்தான், ஐயா. ஆளுங்க மனசு நோகறதப் பாத்தா தாங்கமாட்டா. போன மாசம் ஒரு அம்மாகிட்ட, செத்துப்போன ஸ்பீக்கரப் பாடுச்சுன்னு சொல்லிட்டா, நான்தான் சமாளிச்சேன்."

"அவளக் கோவிச்சுக்காதீங்க" என்றார் செட்ரிக்.

"கோவிச்சுக்குவேனா? வா டோரீன், இருட்டறதுக்குள்ள போகணும்." அவன் போய் வண்டியில் ஏறினான்.

வாசலுக்கு நேரே வேலியோரத்தில் குத்தி வைத்திருந்த மண்வெட்டிக் கைப்பிடியில் ஒரு ராபின் குருவி வந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. செட்ரிக் அந்தப் பக்கம் பார்த்தார். அதன் சிவப்பு நெஞ்சு விம்முவதும் அலகு திறப்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் டோரீனைத் திரும்பிப் பார்த்தார், அது நிஜமாகவே பாடுகிறதா என்று அவளிடம் கேட்கலாமா வேண்டாமா என்பது போல. கேட்கவில்லை. வலது காதிலிருந்த மெஷினைக் கழற்றினார். இடது காதிலிருந்ததையும் கழற்றினார். இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது ரெண்டும் இருந்தாத்தான் இல்லாததெல்லாம் வருது" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகச் சொன்னார்.

"ஐயா, குருவி இருக்கு. பாடுது. எல்லாமே இருக்கு, ஐயா" என்றாள் டோரீன். அவர் அவள் உதடு அசைவதைப் பார்த்து, என்ன சொல்லப்போகிறாள் என்று ஏற்கெனவே தெரிந்தவர் போல, அன்பாகத் தலையாட்டினார். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் திரும்பத் திரும்பத் தலையாட்டினார்.

நடையில் போனுக்கு மேலே ஒரு அட்டையில் நெவிலின் நம்பரைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. டோரீன் அதைப் பார்த்தாள். அந்த நம்பரைச் சுற்றினால் போதும். மகனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் நம்பரை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்தாள்.

ரோலண்ட் ஹாரன் அடித்தான். பெரியவருக்கு அது கேட்கவில்லை. டோரீனுக்குக் கேட்டது. அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.